ஜர்னல் கிளப்பில் ஆய்வுக் கட்டுரையை எடைபோடக் கற்பித்தல்

மருத்துவ மாணவர்கள் ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்ந்து படித்து விவாதிக்கும் ஜர்னல் கிளப்பில் ஒரு கூட்டத்துக்கு ஒரே கட்டுரையை எடுத்துக்கொண்டு, அதை முன்கூட்டியே அனைவருக்கும் கொடுத்துவிடுங்கள். முடிவுரையை ஒதுக்கிவைத்து ஆய்வுமுறைப் பகுதியிலிருந்து தொடங்கினால், நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்களா, இடையில் விலகியவர்கள் கணக்கில் சேர்க்கப்பட்டார்களா என்பதை மாணவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

அதிக நேரத்தை எண்களுக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய சிம்வாஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து) ஆய்வில், இதய நோயாளிகளை ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்காணித்தபோது, போலி மருந்து பெற்ற 2,223 பேரில் 256 பேரும், சிம்வாஸ்டாட்டின் பெற்ற 2,221 பேரில் 182 பேரும் இறந்தனர். இதை மாணவர் ஒருவர் கரும்பலகையில் கணக்கிடட்டும்: ஒப்பீட்டளவில் இறப்பு சுமார் 29 சதவீதம் குறைந்திருக்கிறது, நேரடி வேறுபாடோ 3.3 சதவீதம், அதாவது ஓர் இறப்பைத் தவிர்க்க ஏறத்தாழ 30 பேருக்கு மருந்து தர வேண்டும். 29 சதவீதம், 3.3 சதவீதம் ஆகிய இவ்விரண்டில் எந்த எண்ணை நோயாளியிடம் சொல்வார், ஏன் என்று அவரிடமே கேளுங்கள்.