பத்தமடைப் பாய்ப் படங்களும் 413 பிழையும்

பத்தமடையில் பாய் நெய்பவர்கள் படங்களை ஏற்றுவதற்காக எழுதிய பைத்தான் செயலியை, 1 ஜிபி நினைவகமுள்ள சிறு சர்வரில், வரும் கோரிக்கைகளை முதலில் வாங்கிச் செயலிக்கு அனுப்பும் வலைச் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் ஓடவிட்டிருந்தேன். சிறிய படங்கள் ஏறின. கோரை இழையின் நெருக்கம் தெரியும்படி எடுத்த பெரிய படங்களோ 413 என்ற, அனுப்பிய தரவு மிகப் பெரிது எனச் சொல்லும் பிழையோடு திரும்பின. செயலியின் பதிவில் அந்தக் கோரிக்கைகளின் சுவடே இல்லை என்பதால், தடை முன்வாசலிலேயே இருக்கிறது என்று தெளிந்து என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவைத் திறந்தபோது, அனுப்பவந்த தரவு வரம்பை மீறியது என்ற வரி பைட் கணக்கோடு இருந்தது. தனியாக எதுவும் குறிப்பிடாவிட்டால் அதன் வரம்பு 1 எம்பிதான். ‘கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்’ என்ற அமைப்பை அமைப்புக் கோப்பில் அந்தத் தளத்துக்கான பகுதியான சர்வர் பிளாக்கில் மட்டும் 10 எம்பியாக உயர்த்தினேன். பூஜ்யம் கொடுத்தால் வரம்பே நீங்கிவிடும். சிறு சர்வரில் அதை ஒருபோதும் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிறகு அமைப்புக் கோப்பைச் சோதித்து, நடப்பிலுள்ள இணைப்புகள் அறுபடாதவாறு ரீலோடு செய்ததும் படங்கள் ஏறின.