ரேஸ் சில்லை நாளாந்தப் பயிற்சிக்கு ஓடுவது எப்படி? யாழ்ப்பாண ரோட்டுக்கு ஒரு செய்முறை

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற மச்சான் ஒரு சோடி காபன் நார்ச் சில்லுகளைக் கொண்டுவந்து தருகிறார். வாங்கின தம்பி அதைச் சுவரில் ஆணியடித்துக் கொழுவி வைக்கிறான். வருடத்தில் ஒரு நாள், ரேஸுக்கு முதல் நாள் பின்னேரம் இறக்கிப் பூட்டுகிறான். ரேஸ் அன்று பிறேக் பிடிக்கும் விதம் புதிது, காற்றுக்குச் சைக்கிள் ஆடும் விதமும் புதிது. சில்லு நல்லது, ஆனால் அவனுக்கு அது பழக்கமில்லை.

எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் இப்படித்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ரேஸ் சில்லைத் தினமும் ஓடலாம். சில சில்லுகளை மட்டும் ஓடக்கூடாது. எது எதுவென்று பிரிப்பதுதான் முதல் வேலை.

படி 1: பிறேக் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள்

உங்கள் சைக்கிளில் டிஸ்க் பிறேக் என்றால் பாதிக் கவலை முடிந்தது. பிறேக் பிடிப்பது சில்லின் நடுவில் உள்ள ஹப்பில் இருக்கிற தட்டில்; றிம், அதாவது ரயர் ஏறுகிற வெளிவட்டம், தேய்வதில்லை. காபன் றிம்மாக இருந்தாலும் தினமும் ஓடுங்கள்.

றிம்மைக் கவ்விப் பிடிக்கிற பிறேக் என்றால் கதை வேறு. ஒவ்வொரு தடவை பிறேக் பிடிக்கும்போதும் றிம் கொஞ்சம் தேய்கிறது. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் தோட்டத்தால் ஏறுகிற உழவு இயந்திரங்கள் செம்பாட்டு மண்ணை ரோட்டில் போட்டுவிட்டுப் போகும். வடமராட்சி கிழக்கில் மணல். அந்த மண் பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் இடையில் போனால் மட்டத்தாள் போட்டு உரசியது போலத்தான். அலுமினிய றிம் என்றால் பக்கத்தில் ஒரு சின்னக் குழியோ கோடோ அடையாளமாக இருக்கும். அது மறைந்துவிட்டால் றிம்மை மாற்ற வேண்டும். காபன் றிம்மில் தேய்ந்த பிறேக் பரப்பைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. மழையில் அது நன்றாகப் பிடிப்பதும் இல்லை.

ஆகவே, காபன் றிம்மில் பிறேக் பிடிக்கிற சில்லை நாளாந்தம் ஓட வேண்டாம். ரேஸுக்கு முதல் இரண்டு கிழமை, காய்ந்த ரோட்டில், கை பழகுவதற்காக மட்டும் ஓடுங்கள். அதற்குரிய காபன் பிறேக் கட்டையைத்தான் போட வேண்டும். அலுமினிய றிம்மில் ஓடிய கட்டையை அப்படியே காபனுக்கு மாற்றாதீர்கள். கட்டைக்குள் ஏறியிருக்கிற அலுமினியத் துகள் புது றிம்மைக் கீறிவிடும். மலை இறக்கத்தில் நீண்ட நேரம் பிறேக் பிடித்தால் காபன் றிம் சூடேறிக் கெட்டுப்போகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை. எங்கள் குடாநாட்டில் அப்படி ஒரு இறக்கம் இல்லை. நுவரெலியாவுக்குக் கொண்டுபோகும் நாளில் அதை நினைவில் வைத்திருங்கள்.

படி 2: ரயரின் இலக்கத்தை வாசியுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான்.

அப்பப்பாவின் பழைய சைக்கிளுக்கு 28 இஞ்சி ரயர். ரேஸ் சில்லுக்கான ரயரில் 700x28சி என்று இருக்கும். இரண்டிலும் 28 இருக்கிறது. ஆனால் முதலாவது 28 சில்லின் பருமன், இரண்டாவது 28 ரயரின் அகலம், மில்லிமீற்றரில். ரயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு இலக்கம் இருக்கும். பழைய சைக்கிளுக்கு அது 635 என்று முடியும், ரேஸ் சில்லுக்கு 622 என்று முடியும். 13 மி.மீ. வித்தியாசம். ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. சந்தியில் இருக்கிற சைக்கிள் கடை அண்ணையிடம் அவசரத்துக்கு ஓடிப்போனால், "தம்பி, எங்கட ரயர் உதுக்கு ஏறாது" என்றுதான் சொல்லுவார். ஆகவே ஒரு ரயரும் இரண்டு ரியூப்பும் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

ரேஸ் நாளுக்கு மெல்லிய ரயர் போடுங்கள். பயிற்சிக்கு அதே சில்லில் பஞ்சர் தடுப்புப் பட்டி உள்ள, 28 மி.மீ. அகலமான ரயரைப் போடுங்கள். சைக்கிளின் கவையில் இடம் இருந்தால் 30 கூடப் போடலாம். நெருஞ்சி முள்ளுக்கும் போத்தல் ஓட்டுக்கும் விலையுயர்ந்த ரயர் என்று தெரியாது. பயிற்சிக்கு ரேஸ் ரயரை ஓடுவது வீண்செலவு. சில்லை ஓடுவது வீண்செலவல்ல.

உங்கள் றிம்மின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே மடிந்த கொக்கி இல்லாமல் நேராக இருந்தால், அதற்கு அந்த வகை றிம்முக்கென்று சொல்லப்பட்ட ரியூப்லெஸ் ரயர் மட்டும்தான் போட வேண்டும். 72 பி.எஸ்.ஐக்கு (பம் மானியில் தெரிகிற காற்றழுத்த அளவு) மேல் காற்றும் அடிக்கக்கூடாது. மீறினால் ரயர் றிம்மை விட்டுக் கழன்று தெறிக்கலாம். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

படி 3: காற்று

எங்கள் ஊர்ச் சைக்கிள்களின் வால்கட்டை வேறு, ரேஸ் ரியூப்பின் மெல்லிய வால்கட்டை வேறு. அதன் நுனியில் இருக்கிற சின்ன நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கடையில் கிடைக்கிற சின்னப் பித்தளைப் பொருத்தி ஒன்றைப் பையில் வைத்திருந்தால் வழியில் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். பெற்றோல் செற் கொம்பிரசர் மட்டும் வேண்டாம். ஒல்லி ரயருக்குள் ஒரு நொடியில் அளவுக்கு மிஞ்சிய காற்றுப் போய்விடும். அளவுமானி உள்ள ஒரு நிலப் பம் வாங்குங்கள்.

70 கிலோ எடையுள்ளவர், 28 மி.மீ. ரயர், உள்ளே ரியூப்: முன்னுக்கு 65, பின்னுக்கு 70 பி.எஸ்.ஐ என்று தொடங்குங்கள். ஒரு கிழமை ஓடிவிட்டு இரண்டு இரண்டாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். கல்லுப்போல அடித்தால் வேகம் வரும் என்பது பழைய நம்பிக்கை. ஒட்டுப்போட்ட ஒழுங்கைகளில் அப்படி அடித்தால் சைக்கிள் துள்ளும், வேகம் குறையும், குழியின் அடி முழுவதும் றிம்முக்குப் போகும்.

படி 4: காற்றைப் படியுங்கள்

இந்தச் சில்லுகளின் றிம் ஆழமாக, அதாவது ரயரிலிருந்து ஹப் பக்கம் அகன்று, இருப்பது காற்றை வெட்டிக்கொண்டு போவதற்கு. காற்றை எதிர்க்கத் தேவையான வலு வேகத்தின் மும்மடிப்படி கூடுகிறது. 20 கி.மீ. வேகத்தில் போகிறவர் 40க்கு ஏற வேண்டுமென்றால் காற்றுக்காக மட்டும் 8 மடங்கு வலு கொடுக்க வேண்டும். அதனால்தான் வேகமாக ஓடுகிறவருக்கு ஆழமான றிம் கூடுதலாக உதவுகிறது. மெதுவாக ஓடுகிற நாளில் அதன் பயன் மிகக் குறைவு. சில்லின் எடை குறைவது ஏற்றத்தில்தான் நன்றாகத் தெரியும். பருத்தித்துறை வரை ஓடினாலும் எங்களுக்கு ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பக்கக் காற்று இருக்கிறதே, அது வேகம் பார்ப்பதில்லை. வைகாசி தொடக்கம் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் தீவுப்பகுதிப் பாலங்களில் மறைப்பு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நீங்கள். 50 மி.மீ. ஆழமான முன்சில்லோடு ஒரு ஆடி மாதம் காரைநகர் கசூரினாக் கடற்கரையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். பொன்னாலைப் பாலத்தில் காற்று வலப்பக்கத்தால் தள்ளியது. நானும் வலப்பக்கம் சாய்ந்து பழகிவிட்டேன். ஒரு பஸ் வலத்தால் முந்தியது. பஸ்ஸின் உடம்பு காற்றை மறைத்ததும் சைக்கிள் பஸ்ஸின் பக்கம் சரிந்தது; பஸ் கடந்ததும் காற்றுத் திரும்ப அறைந்து என்னை ரோட்டின் விளிம்புக்கே கொண்டுபோனது. விழவில்லை. அன்றிலிருந்து முன்சில்லு ஆழம் குறைந்தது, பின்சில்லு ஆழமானது என்று ஓடுகிறேன். திருப்புகிற சில்லு முன்சில்லு. காற்று அதில்தான் விளையாடும்.

நீங்களும் முதல் ஒரு மாதம் கொக்குவில், இணுவில், சுன்னாகம் என்று வீடும் மதிலும் உள்ள காங்கேசன்துறை வீதியில் பழகுங்கள். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். பாலங்களுக்குப் பிறகு போகலாம். போகும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். முழங்கையைத் தளர்த்தி, பின்னால் வாகனச் சத்தம் கேட்டதும் காற்று மாறப்போகிறது என்று தயாராகுங்கள்.

படி 5: உப்பைக் கழுவுங்கள்

பண்ணைக் கடற்பாலத்தால் ஒருதரம் போய் வந்தாலே சில்லில் உப்புப் படியும். கம்பியை றிம்மோடு பிணைக்கிற நிப்பிள் அலுமினியமாக இருந்து, றிம் காபனாக இருந்தால், உப்பு ஈரம் இரண்டுக்கும் நடுவில் ஒரு பற்றரி போல வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் நிப்பிள் தலை உடைந்து கம்பி தளர்ந்துவிடும். சில்லைக் கட்டுவிக்கும்போதே பித்தளை நிப்பிள் கேளுங்கள். சில கிராம் கூடும், அவ்வளவுதான்.

ஓடி வந்த அன்றே ஒரு வாளி நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தீவுப்பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதாகத்தான் முடியும். ஹப்பின் நடுவில் தண்ணீரைப் பீச்சியடிக்க வேண்டாம், பெயரிங்குக்குள் போகும். துடைத்து நிழலில் வையுங்கள்.

படி 6: கிழமைக்கு ஒருதரம் பத்து நிமிடம்

சைக்கிளைத் தலைகீழாக வைத்துச் சில்லைச் சுற்றுங்கள். நெளிவு இருந்தால் பிறேக் கட்டைக்கோ கவைக்கோ உள்ள இடைவெளி கூடிக் குறைவது தெரியும். கம்பிகளை இரண்டு இரண்டாகச் சேர்த்து நசித்துப் பாருங்கள், ஒன்று மட்டும் தொய்ந்திருந்தால் கையே சொல்லும். பின்சில்லில் சங்கிலிப் பக்கக் கம்பிகள் மற்றப் பக்கத்தை விட இறுக்கமாக இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம்.

குழியில் பலமாக அடித்த நாளில் ஒரு காசால் காபன் றிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டு வாருங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரிக் கூர்மையாகக் கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால், அல்லது நகத்தில் தட்டுப்படுகிற வெடிப்பு இருந்தால், அந்தச் சில்லு அன்றோடு நிற்கட்டும், தெரிந்தவரிடம் காட்டும் வரை.

படி 7: இரண்டு சோடி வைத்திருப்பவருக்கு

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டுக் குழி தண்ணீருக்குள் மறைந்திருக்கும். அந்த இரண்டு மாதமும் சாதாரண அலுமினியச் சில்லையே பூட்டுங்கள். மாற்றும்போது மூன்றைக் கவனியுங்கள்: பின் பற்சில்லு இரண்டு சோடியிலும் ஒரே எண்ணிக்கைத் தட்டுகளோடு இருக்க வேண்டும், றிம்மைப் பிடிக்கிற பிறேக் என்றால் றிம்மின் அகலத்துக்கேற்ப கேபிளைத் திருத்த வேண்டும், தேய்ந்த சங்கிலியைப் புதுப் பற்சில்லில் ஓடவிடக்கூடாது, இரண்டும் சேர்ந்து கெடும். தை பிறந்து ரோடு காய்ந்ததும் சுவரிலிருந்து இறக்கி, காசால் ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.