கப்பலில் கிட்ஸ் கிளப்: நம்பி ஏறும் முன்

சென்னைக்காரர்களுக்குச் சொகுசுக் கப்பல் இப்போது எட்டாத விஷயமில்லை. 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் நம் துறைமுகத்திலிருந்தே கிளம்பத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இலங்கைக்கும் போய்வந்தது. அது இங்கே வராத மாதங்களில் சிங்கப்பூருக்குப் பறந்து அங்கே ஏறுகிறவர்களும் உண்டு. டிராவல்ஸில் கொடுக்கும் நோட்டீஸில், குழந்தைகளுக்கு கிட்ஸ் கிளப் இலவசம் என்று ஒரு வரி இருக்கும். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனால் ஊழியர்கள் பார்த்துக்கொள்ளும் விளையாட்டு இடம்தான் அது. அந்த ஒரு வரியை நம்பிப் பணம் கட்டுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் வயது. பெரிய கப்பல்களில் இலவச கிளப் பெரும்பாலும் 3 வயது முடிந்த பிள்ளைகளுக்குத்தான். அதற்குக் கீழே என்றால் நர்சரி. அது எல்லாக் கப்பலிலும் கிடையாது. இருந்தாலும் மணிக்கணக்கில் காசு, இடமும் கொஞ்சம்தான். ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தையைப் பல கப்பல்களில் ஏற்றவே மாட்டார்கள். "இன்னும் ரெண்டு மாசத்துல மூணு முடியுதுங்க" என்று அங்கே போய்ப் பேச்சுவார்த்தை நடத்த முடியாது. பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி இருக்கிறது.

வயது சரியாக இருந்தும் டயப்பரில் மாட்டுகிறவர்கள் அதிகம். பல கப்பல்களின் கிளப்பில் டயப்பர் போட்ட பிள்ளையைச் சேர்ப்பதில்லை; பேன்ட் மாதிரி மாட்டுவதும் டயப்பர் கணக்குதான். நீச்சல் குளத்திலும் அப்படியே. நீச்சலுக்கென்று விற்கும் டயப்பரைக்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே டயப்பர் இல்லாமல் பாத்ரூம் போகப் பழக்க ஆரம்பித்துவிடுங்கள்.

அடுத்தது, பதிவுப் படிவத்தை அவசரத்தில் நிரப்புவது. பிள்ளையை யார் வந்து கூட்டிப் போகலாம் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். அப்பா, அம்மா என்று எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுவோம். மறுநாள் நீங்கள் ஏதோ ஷோவில் உட்கார்ந்திருக்க, பேரனைக் கூப்பிடப் பாட்டி போவார். கிளப் வாசலில் இருக்கும் பெண் பட்டியலைப் பார்ப்பார், பெயர் இல்லை, தலையாட்டுவார். உள்ளே பையன் "பாட்டீ" என்று ஓடிவந்தாலும் கதவு திறக்காது. கோபப்பட வேண்டாம், இந்தக் கறார்தான் நமக்கும் பாதுகாப்பு. தாத்தா, பாட்டி, சித்தி என்று கூட வருகிறவர்கள் பெயரையும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள். வேர்க்கடலை, பால், முட்டை எது ஒத்துக்காது என்பதையும் அதிலேயே குறிப்பிட வேண்டும். வேளைக்கு மருந்து கொடுக்கும் வேலையை ஊழியர்கள் பொதுவாக ஏற்பதில்லை. நீங்களே போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

ஏறிய அன்று மதியம் கிளப்பைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள். பஃபேயில் கூட்டம் குறையட்டும் என்று அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். பிள்ளையோடு போய் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து விளையாடுங்கள். வீட்டில் பாட்டி மடியைத் தவிர வேறெங்கும் இருந்து பழகாத குழந்தையை, முதல் நாள் ராத்திரியே மூன்று மணி நேரம் விட்டுவிட்டுப் போனால் அது அழத்தான் செய்யும். தண்ணீர் கேட்க, பாத்ரூம் போக, அம்மாவைக் கூப்பிடச் சொல்ல நாலு ஆங்கில வார்த்தை சொல்லிக்கொடுத்து அனுப்புவது நல்லது. கிளப் சாப்பாட்டு நேரத்தில் மூடுமா, ராத்திரி பத்துக்கு மேல் தனிக் கட்டணமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

அன்றே நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிக்கவே கூடாது. அவசரமென்றால் நீங்கள் கிளப்புக்கு ஓட வேண்டுமா, ஊழியர்களே பிள்ளையைக் கொண்டுவருவார்களா? இது கப்பலுக்குக் கப்பல் மாறும். பிள்ளையின் கையில் அடையாள வளையம் கட்டிவிட்டால் குளிக்கும்போதுகூடக் கழற்ற வேண்டாம்.

கேபின் விஷயத்தில் என் கட்சி தனி. மேல் தளத்தில் பால்கனிக்குச் செலவழிப்பதைவிட, கீழ்த் தளத்தில் கப்பலின் நடுப்பகுதி அறை மேல். ஆட்டம் அங்கேதான் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வங்கக் கடல் எப்படியிருக்கும் என்று மெரினாவுக்குப் போகிறவர்களுக்கே தெரியும். பஸ் பயணத்துக்கு வாங்கும் அவோமின் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். அதிலிருக்கும் புரோமெதசினை 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது. பெரிய பிள்ளைக்கும் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

வாந்தி, பேதி இருந்தால் அதை மறைத்து கிளப்பில் விடாதீர்கள். கப்பலில் நோரோ வைரஸ் சட்டென்று பரவும். அதற்கு சானிடைசர் போதாது, சோப்பும் தண்ணீரும்தான். கப்பல் டாக்டரின் ஃபீஸ் உங்கள் கேபின் கணக்கில் ஏறும், சின்னத் தொகையாகவும் இருக்காது. பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணத்துக்கும் பொருந்துமா என்று கேளுங்கள்.

பருப்பு சாதம் வடித்துக்கொள்ளலாம் என்று குட்டி ரைஸ் குக்கர், கெட்டில் எடுத்துப் போனால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடலுக்குள் போனதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, கப்பல் வைஃபையில் கப்பல் நிறுவனத்தின் ஆப்பை மட்டும் திறந்து வையுங்கள். கிளப்பிலிருந்து செய்தி பெரும்பாலும் அதில்தான் வரும்.

பிள்ளையை கிளப்பில் விட்டுக் கரையில் இறங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சில கப்பல்களில் விடுவார்கள். நான் இறங்க மாட்டேன். இறங்குவதானால் ஒருவராவது கப்பலில் இருங்கள். திரும்பி ஏற வேண்டிய நேரத்தை அறிவிப்பார்கள். ஊர் சுற்றிக்கொண்டு தாமதமாக வருகிறவருக்காகக் கப்பல் காத்திருக்காது.