கணினி உதவிக் குழுவுக்குப் பெயர் வைப்பது எப்படி?

டெலிகிராமில் குழு தொடங்க ரெண்டு நிமிஷம் போதும். பெயருக்கு மட்டும் ஒரு சாயங்காலத்தையாவது ஒதுக்குங்கள். பிரிண்டர் ஓடாமல் தவிக்கிற ஒருவர், பெயரைப் பார்த்ததுமே "இங்கே கேட்கலாம்" என்று உள்ளே வர வேண்டும். பெயருக்கு வேலை அதுதான்.

முதல் படி: குழு யாருக்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள். கல்லூரி மாணவர்கள் பைத்தான் என்ற நிரல்மொழி பழகவா? கடைக்காரர்கள் டேலி என்ற கணக்கு மென்பொருளில் சந்தேகம் கேட்கவா? அந்த வரியில் இருக்கும் சொற்களிலிருந்தே பெயரை எடுங்கள். 'டெக் கிங்ஸ்', 'கோடிங் புலிகள்' மாதிரிப் பெயர்கள் எனக்குப் பிடிப்பதில்லை. மவுஸ் பிடிக்கப் பழகும் ஒரு அக்கா அங்கே வந்து கேள்வி கேட்கத் தயங்குவார்.

இரண்டாவது படி: ஊர்ப் பெயர் வேண்டுமா? நம் பக்கத்தில் இதுதான் சிக்கலான இடம். 2006 அக்டோபரில் பாண்டிச்சேரி அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆனது. ஆனாலும் பேச்சில் பாண்டி, எழுத்தில் புதுவை எல்லாமே புழங்குகின்றன. தேடுகிறவர் எதையும் தட்டுவார். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் கடலூர்க்காரர், பெயரில் புதுச்சேரி மட்டும் இருந்தால் தனக்கில்லை என்று நினைக்கலாம். காரைக்கால் இதே யூனியன் பிரதேசம்தான், ஆனால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் கூடி லேப்டாப் பார்ப்பதாக இருந்தால் ஊர்ப் பெயரை அவசியம் சேருங்கள். பேச்சு முழுக்க ஆன்லைனில்தான் என்றால் விட்டுவிடலாம்.

மூன்றாவது படி: மென்பொருளின் பதிப்பு எண்ணைப் பெயரில் போடாதீர்கள். 'விண்டோஸ் 10 உதவி' என்று வைத்திருந்தால், 2025 அக்டோபர் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியதும் பெயர் பழசாகிவிட்டது. மென்பொருளின் பெயரிலும் கவனம் வேண்டும். விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் லினக்ஸ் என்பதும், அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பதிவு பெற்ற வணிகக் குறி. இப்படிப்பட்ட பெயர்களோடு 'அதிகாரப்பூர்வ' என்று சேர்த்தால், நிறுவனமே நடத்தும் குழு என்று மக்கள் நம்பிவிடுவார்கள்.

நான்காவது படி: இணைப்பு முகவரி. பொதுக் குழுவின் முகவரியில் ஆங்கில எழுத்து, எண், அண்டர்ஸ்கோர் (_) மட்டுமே வரும். குறைந்தது ஐந்து எழுத்து வேண்டும். அதனால் குழுவின் பெயரைத் தமிழிலும் முகவரியை ஆங்கிலத்திலும் வையுங்கள். முடிவு செய்யும் முன் யாருக்காவது போன் போட்டு, வாயால் மட்டும் சொல்லி, தட்டச் சொல்லுங்கள். "கடலூருக்கு கே-யா, சி-யா? டி ஒண்ணா, ரெண்டா?" என்று திருப்பிக் கேட்டால் முகவரியை மாற்றுங்கள். நடுவில் அண்டர்ஸ்கோர் இருந்தால் இன்னும் தடுமாற்றம்.

ஐந்தாவது படி: நினைத்த பெயரை டெலிகிராமிலும் கூகுளிலும் தேடிப் பாருங்கள். பக்கத்து ஊரில் அதே பெயரில் குழு இருந்தால் வேறு யோசியுங்கள்.

கடைசியாக, முதல் உறுப்பினர்கள் சிலரிடம் பெயரைக் காட்டி, இங்கே என்ன கேட்கலாம் என்று தோன்றுகிறது எனக் கேளுங்கள். அவர்கள் பதில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியோடு ஒத்துப்போன பிறகு நோட்டீஸ் அச்சடியுங்கள். பின்னால் முகவரியை மாற்றினால், நோட்டீஸில் இருக்கும் பழைய இணைப்பு உங்கள் குழுவுக்கு வராது.