வீடியோ போட ஆரம்பிக்கிறீங்களா, முதல்ல சவுண்ட கவனிங்க

புதுசா வீடியோ போட வர்றவங்க நிறைய பேர் முதல்ல நல்ல கேமராவதான் தேடுறாங்க, ஆனா படம் கொஞ்சம் சுமாரா இருந்தாக்கூட ஆளுங்க பாத்துடுவாங்க, பேசுறது காதுல சரியா விழலைன்னா உடனே அடுத்த வீடியோவுக்குப் போயிடுவாங்க. அதனால காசு செலவு பண்றதா இருந்தா முதல்ல ஒரு காலர் மைக் வாங்குங்க, வாய்க்குக் கீழ ஒரு சாண் தள்ளி சட்டைல குத்திக்கங்க. மைக் இல்லியா, இன்னொரு போன பக்கத்துல வச்சு தனியா ரெக்கார்ட் பண்ணுங்க, ஆரம்பத்துல ஒரு தடவ கை தட்டிட்டா அந்த சத்தத்த வச்சு எடிட்டிங்ல ரெண்டையும் ஈசியா சேத்துடலாம். காலி ரூம்ல எதிரொலி அடிக்கும், மெத்தை, துணிமணி இருக்கற ரூமா பாருங்க, ஃபேன ஆஃப் பண்ணிடுங்க. ரெக்கார்டிங், எடிட்டிங் ஆப்ல சத்தத்தோட அளவ காட்டுற மீட்டர்ல, பேச்சு மைனஸ் 12-லேர்ந்து மைனஸ் 6 டெசிபலுக்குள்ள நிக்கட்டும், 0-வ தாண்டுனா கரகரன்னு உடைஞ்சிடும், அத பின்னாடி சரி பண்றது ரொம்ப கஷ்டம்.

லைட்டுக்கு ஜன்னலே போதும், ஆனா அது உங்க முகத்துக்கு எதிர்ல இருக்கணும், முதுகுக்குப் பின்னாடி இருந்தா முகம் கருத்துடும். போன் லென்ஸ துடைச்சிட்டு பின்பக்க கேமராலயே எடுங்க, வீடியோ குவாலிட்டி 1080பி, அதாவது ஃபுல் எச்டி போதும்.

எடிட்டிங்க்கு டாவின்சி ரிசால்வ்ங்கற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரோட இலவச வெர்ஷனே தாராளம். என் ஆரம்ப வீடியோல வணக்கம் சொல்றதே ரொம்ப நீளமா போச்சு, இப்பல்லாம் விஷயத்த முதல் வரிலயே சொல்லிடறேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. முடிச்சதும் ஹெட்போன்ல ஒரு தடவ, போன் ஸ்பீக்கர்ல ஒரு தடவ கேட்டுப் பாருங்க, மியூசிக் பேச்ச அமுக்குதுன்னா குறைச்சிட்டு அப்லோட் பண்ணுங்க.