'கூறப்படுகிறது' என்று போட்டால் போதுமா?

தமிழ்ச் செய்தியறைகளில் சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறி வரும் சில பாதுகாப்பு ஏற்பாடுகள் உண்டு. வாக்கியத்தின் கடைசியில் 'என்று கூறப்படுகிறது' சேர்ப்பது, தலைப்பில் ஒரு கேள்விக்குறி போடுவது, பெயருக்குப் பதில் 'அந்த மூன்றெழுத்து நடிகர்' என்பது, படத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டுவது. இவ்வளவும் செய்துவிட்டால் கேஸ் நிற்காது என்று ஒரு நம்பிக்கை, அது இன்றைக்கு யூடியூப் தம்ப்நெயில் வரை வந்திருக்கிறது. கேஸ் நிற்கும். படிக்கிறவர் யாரைப் பற்றி என்ன புரிந்துகொள்வார் என்பதைத்தான் சட்டம் பார்க்கும், நீங்கள் வாக்கியத்தை எப்படி முடித்தீர்கள் என்பதை அல்ல.

முதலில் அவதூறு. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் போய் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356 வந்திருக்கிறது. எண் மாறியதே தவிர சரக்கு பழையதுதான்: இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், புதிதாகச் சமூக சேவை என்றொரு தண்டனையும். குற்றவியல் அவதூறே வேண்டாம் என்று கேட்ட வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. இதில் அதிகம் பேர் மாட்டுவது, 'அவர் பிரஸ் மீட்டில் சொன்னார், நான் அப்படியே போட்டேன்' என்கிற இடத்தில். ஒருவர் சொன்ன அவதூறை நீங்கள் எடுத்து வெளியிட்டால் அதற்கு நீங்களும் பொறுப்பு. ஷேர் செய்வதும் அதே கணக்குதான். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு ஃபேஸ்புக் பதிவை 2018-இல் பகிர்ந்த எஸ்.வி.சேகர், அதை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார், ஆனாலும் வழக்கை ரத்து செய்ய 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டன. 2024-இல் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது, அதை எதிர்த்து அவர் மேல்முறையீட்டுக்குப் போனார்.

சரி, எழுதியது உண்மை என்றால்? இழப்பீடு கேட்டுப் போடும் சிவில் வழக்கில் உண்மை என்று காட்டினாலே தப்பிக்கலாம். குற்றவியல் வழக்கில் அது பாதிதான், பொதுநலனுக்காக எழுதினேன் என்பதையும் காட்ட வேண்டும், காட்ட வேண்டிய பொறுப்பும் உங்கள் தலையில். விஷயம் உண்மை என்று உங்களுக்குத் தெரியும், தகவல் தந்த அதிகாரிக்கும் தெரியும், ஆனால் அவர் கூண்டில் ஏறிச் சொல்வாரா என்று பிரசுரிக்கும் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டீர்களா, எத்தனை மணிக்குக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதற்கு வாட்ஸ்அப் மெசேஜோ மெயிலோ ஆதாரமாக இருக்கட்டும். ராத்திரி 11 மணிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு 'பலமுறை முயன்றும் தொடர்புகொள்ள இயலவில்லை' என்று எழுதுவதெல்லாம் குறுக்கு விசாரணையில் நாறிப்போகும்.

படத்துக்கும் இதே கவனம் வேண்டும். 2008-இல் டைம்ஸ் நவ் சேனல், ஒரு வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) ஊழல் செய்தியில் வேறொரு நீதிபதியின் படம் வர வேண்டிய இடத்தில் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி பி.பி.சாவந்தின் படத்தைக் காட்டிவிட்டது. ஒலிக்கும் பெயர் ஒரே மாதிரி இருந்தது, திரையில் நின்றதும் சில நொடிகள்தான். அப்புறம் சேனல் வருத்தமும் தெரிவித்தது. புனே நீதிமன்றம் 2011-இல் கொடுக்கச் சொன்ன இழப்பீடு 100 கோடி ரூபாய். தொகை அதிகமா இல்லையா என்று தனியாகச் சண்டை போடலாம் (அதிகம் என்பதுதான் என் கட்சி), ஆனால் கூகுளில் பெயரைத் தட்டி முதலில் வரும் முகத்தை எடுத்து ஒட்டும் பழக்கம் நம் டெஸ்க்குகளில் இன்னும் போகவில்லை. போதாக்குறைக்கு 'படம்: இணையம்' என்று ஒரு நன்றி வேறு. இணையம் யாருக்கும் உரிமை தராது, படத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார், பொதுவாக எடுத்தவர் இறந்த பிறகும் அந்தக் காப்புரிமை 60 ஆண்டு நீடிக்கும்.

கிரைம் செய்தியில் 'போலீசில் பரபரப்பு வாக்குமூலம்' இல்லாத நாளே கிடையாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23. நீதிபதியே ஏற்காத ஒன்றை வைத்து நாம் ஒருவரைக் 'கொலையாளி' ஆக்கிவிடுகிறோம். நீதிமன்ற நடவடிக்கையைப் பெரும்பாலும் சரியாக வெளியிட்டால் அவதூறு சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் காவல் நிலையம் நீதிமன்றம் அல்ல, இன்ஸ்பெக்டர் தரும் பிரஸ் நோட்டுக்கு அந்த விலக்கு வராது.

இனி சொல்லப்போவதில்தான் நாம் அதிகம் தப்பு செய்கிறோம், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடே செய்கிறோம். ஒரு செய்தியைக் கற்பனையாக எழுதிப் பார்ப்போம்: 'இன்ன கிராமத்தைச் சேர்ந்த 12 வயது சிறுமி (பெயர் மாற்றப்பட்டுள்ளது) அங்குள்ள அரசு நடுநிலைப் பள்ளியில் 7-ஆம் வகுப்பு படிக்கிறார். தந்தை பஸ் நிறுத்தத்தில் டீக்கடை நடத்துகிறார். பாலியல் தொல்லை கொடுத்ததாகச் சிறுமியின் தாய்மாமன் கைது செய்யப்பட்டார்.' கூடவே தாய்மாமனின் பெயர், படம். நிருபர் பெயரை மாற்றிவிட்டார், மனசாட்சிக்கு உறுத்தல் இல்லை. அந்த ஊரில் பஸ் நிறுத்தத்தில் எத்தனை டீக்கடை இருக்கும்? மறுநாள் காலை ஊரே அந்தக் கடை முன்னால் நிற்கும். போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, சுற்றுவட்டாரம், அடையாளம் தெரியவைக்கும் வேறு எந்த விவரமும் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. நெருங்கிய உறவினர் குற்றம்சாட்டப்பட்டவராக இருந்தால் அவர் பெயரைப் போடுவதே குழந்தையைக் காட்டிக்கொடுப்பதுதான், உறவைச் சொல்வதா பெயரைச் சொல்வதா என்று ஒன்றை விட்டாக வேண்டும். மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓர் ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். நிருபரின் செயலுக்கு வெளியீட்டாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. குற்றத்தில் சிக்கிய சிறுவனாக இருந்தாலும் அடையாளம் கூடாது, அது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு.

வயது வந்த பெண்ணாக இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72. இறந்துவிட்டாலும் விடாது. 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. அதே ஆண்டு, ஜம்முவின் கதுவாவில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட சிறுமியின் அடையாளத்தை வெளியிட்ட ஊடக நிறுவனங்களைத் தலா 10 லட்சம் ரூபாய் கட்ட வைத்தது டெல்லி உயர் நீதிமன்றம். 'அரசே சொல்லிவிட்டதே' என்பதும் செல்லாது. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலேயே பெண்ணின் பெயர் இருந்தது, அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது மதுரைக் கிளை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கின் எஃப்.ஐ.ஆர். கசிந்தபோதும் இன்னொரு 25 லட்சம். ஆவணம் கையில் கிடைத்துவிட்டது என்பதற்காக அதை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் போடும் உரிமை வந்துவிடாது.

நீதிமன்றச் செய்தியில் வேறொரு குழப்பம். விசாரணையின்போது நீதிபதி வாயால் சொல்வதும் எழுதிக் கையெழுத்திடும் உத்தரவும் ஒன்றல்ல. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையின்போது, தேர்தல் ஆணையத்தின் மீது கொலைக் குற்றச்சாட்டே பதியலாம் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் பேசியது, அது உத்தரவில் இல்லை. வாய்மொழிக் கருத்துகளை ஊடகங்கள் வெளியிடத் தடை கேட்டு ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது, மே 6 அன்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆக, எழுதலாம், தாராளமாக எழுதலாம். 'நீதிமன்றம் உத்தரவு' என்று தலைப்பு வைப்பதுதான் தப்பு, 'நீதிபதி கருத்து' என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

நமக்குச் சாதகமாக இருப்பதையும் அரைகுறையாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறோம். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை மிரட்டிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் 1994-இன் ராஜகோபால் (நக்கீரன் ஆசிரியர்) தீர்ப்பு. அரசோ அதிகாரிகளோ தங்களுக்கு அவதூறு என்று சொல்லி முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது, பொது ஆவணத்தில் உள்ளதை ஒருவர் அனுமதி இல்லாமலே எழுதலாம். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆவணத்தைத் தாண்டி ஒருவரின் தனி வாழ்க்கைக்குள் போனால் விளைவுக்கு நீங்களே பொறுப்பு என்றும், பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் எழுதக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் இருப்பதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

'சோர்ஸை யாரும் கேட்க முடியாது' என்பதும் அப்படித்தான். பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலுக்கான சட்டத்தின் 15-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு பிரஸ் கவுன்சில் விசாரணைக்கு மட்டும். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையே இருப்பது போன்ற தனிச் சலுகை நிருபருக்கு நீதிமன்றத்தில் கிடையாது. அண்ணா பல்கலைக்கழக எஃப்.ஐ.ஆர். விவகாரத்தில் நிருபர்களின் செல்போன்களையே புலனாய்வுக் குழு வாங்கி வைத்தது, திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தகவல் தருபவரிடம் 'உங்க பேரு வரவே வராது' என்று வாக்குக் கொடுக்கும்போது இதையும் மனதில் வையுங்கள். அவருடைய பெயரும் நம்பரும் உங்கள் போனில் இருக்கிறது.

லீகல் நோட்டீஸ் வந்தால் அனுப்பியவருக்கு நீங்களே போன் போட்டு சமாதானம் பேசாதீர்கள், அந்தப் பேச்சே உங்களுக்கு எதிரான ஆடியோவாக வரும். செய்தியை அவசரமாக அழிக்கவும் வேண்டாம். ஆசிரியருக்கும் வழக்கறிஞருக்கும் சொல்லிவிட்டு, குறிப்பு, ரெக்கார்டிங், ஆவண நகல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். அவதூறுக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட ஓர் ஆண்டு அவகாசம், குற்றவியல் புகாருக்கு மூன்று ஆண்டு. அதனால் போன வருடத்து ரிப்போர்ட்டிங் நோட்டை இப்போதே பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.