இரண்டு டிரைவர் இருந்தும் தூக்கத்தில் போகும் வண்டி: நெடுந்தூர லாரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லோடு ஏற்றி டெல்லி போகிற லாரிக்கு ஒரு வழி ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். டோல், டிராபிக், மேடு எல்லாம் சேர்த்து லோடு வண்டிக்குச் சராசரி மணிக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தாலே ஸ்டியரிங்கில் 53 மணி நேரம். நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும், மாற்று டிரைவர் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியில் முன்பு இருந்தது. 2018 நவம்பரில் இரண்டு டிரைவர் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் வடக்கே போகிற வண்டிகள் பல இரண்டு பேரோடுதான் கிளம்புகின்றன.

இரண்டாவது ஆள் எதற்கு என்பதில்தான் குழப்பம். வண்டி 24 மணி நேரமும் ஓடுவதற்கு என்று முதலாளி நினைக்கிறார். லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீசும் அதையே கணக்காக வைத்து, இறக்குகிற தேதியைச் சரக்குக்காரருக்குச் சொல்லிவிடுகிறது. ஸ்டியரிங் பிடிக்கிறவர் எந்த நேரத்திலும் தூங்கி எழுந்தவராக இருக்க வேண்டும், அதற்குத்தான் இன்னொருவர். இதை மறந்தால் ஒரே வண்டியில் களைத்துப்போன இரண்டு டிரைவர் இருப்பார்கள், அவ்வளவுதான்.

"முடியலன்னா எழுப்பறேன்"

அதிகம் நடக்கிற தவறு, ஷிப்ட் நேரம் பேசாமல் கிளம்புவது. "நீ படுப்பா, நான் ஓட்றேன், முடியலன்னா எழுப்பறேன்" என்பார் மூத்தவர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தூக்கம் வந்துவிட்டதா என்று முடிவு செய்ய வேண்டிய மூளையே அப்போது பாதித் தூக்கத்தில் இருக்கிறது. அதோடு ஒரு இரக்கம் வேறு: இப்போதுதான் படுத்தான், அடுத்த டோல் வரை போய்விடலாம். அந்த அடுத்த டோல் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மணிக்கு 60-இல் போகும்போது நான்கு நொடி கண் சொக்கினால், 67 மீட்டர் தூரம் வண்டியை யாருமே ஓட்டவில்லை என்று அர்த்தம்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த அளவு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூர வழிகளில் அனுமதியோடு நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம் என்றிருந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு வேண்டும் என்றும் அதில் இருந்தது. ரோட்டில் இதை யாரும் அளந்து பார்ப்பதில்லை என்றாலும், உடம்புக்கு ஒத்துவருகிற கணக்கு இதுதான்.

இந்த 5 மணி நேரத்தை வைத்தே ஷிப்டைப் பிரிக்கலாம். காலை 6 முதல் 11 வரை ஒருவர், 11 முதல் மாலை 4 வரை மற்றவர், 4 முதல் இரவு 9 வரை முதல் ஆள், 9 முதல் 2 வரை இரண்டாம் ஆள். இரவு 2 முதல் காலை 6 வரை வண்டி ஹால்ட். ஆளுக்கு 10 மணி நேரம் வருகிறது. ஒவ்வொரு ஷிப்டின் நடுவிலும் கால் மணி இறங்கி நடந்தாலும், சராசரி 45 என்றால் நாளுக்கு 850 கிலோமீட்டருக்குக் குறையாது. டெல்லிக்கு மூன்று நாள். பின்னிரவு 2 முதல் 5 மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இறங்கும் நேரம், பகலில் தூங்கியிருந்தாலும்கூட. அதனால் ஹால்ட்டின் நான்கு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. இந்த அட்டவணையில் இரவு ஷிப்டுக்காரருக்குத்தான் கஷ்டம் அதிகம். ஆகவே திரும்பும்போது ஷிப்டை மாற்றிக்கொள்வது நியாயம். ஐந்து நாளில் 50 மணி நேரம் தொட்டுவிடும் என்பதால், இறக்குகிற ஊரில் ஒரு நாள் முழுக்க ஹால்ட் வேண்டும். மார்க்கெட்டில் லோடு இறக்க வரிசையில் நின்று, தார்ப்பாய் அவிழ்த்து, மூட்டை எண்ணிய நேரத்தை ஓய்வில் சேர்க்கக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நடுநிசியில் துணையாக இருக்கலாம் என்று மாற்று டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவார். அடுத்து ஓட்ட வேண்டியவர் அவர்தான். துணை இருந்ததன் பலன், காலையில் ஸ்டியரிங்குக்கு வருகிறவரும் தூங்காதவர். படுக்கையில் படுத்துக்கொண்டு செல்போனில் வீடியோ பார்ப்பதும் இதே கணக்குதான்.

ஓடும் வண்டியில் தூக்கம்

ஓடுகிற வண்டியில் வரும் தூக்கம் ஆழமாக இருக்காது. ஒவ்வொரு வேகத்தடையும் ஆளைப் பாதி எழுப்பிவிடும். ஐந்து மணி நேரம் படுத்திருந்தார் என்பதற்காக ஐந்து மணி நேரம் தூங்கினார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஓட்டுகிறவர் கையில்தான் அவருடைய தூக்கம் இருக்கிறது. பிரேக்கை முன்கூட்டியே மெதுவாக மிதிப்பது, ஏர் ஹாரனைக் குறைப்பது, பாட்டை அடக்கி வைப்பது, படுக்கைக்குக் கறுப்புத் துணியில் திரை போடுவது எல்லாம் அதற்குத்தான்.

டீ விஷயத்தில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன் வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பிலேயே இருக்கும். ஷிப்ட் மாறும் தாபாவில் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தால், ஓட்டப் போகிறவருக்கு அது உதவும், படுக்கப் போகிறவரைக் கெடுக்கும். படுக்கிறவர் இரண்டு இட்லியோ மோரோ எடுத்துக்கொள்ளட்டும். தண்ணீரைக் குறைத்துக்கொண்டு டீயாக ஊற்றுகிற பழக்கம் சிறுநீரகக் கல்லில் கொண்டுபோய் விடும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். பழைய வண்டிகள் பலவற்றில் அது இல்லை. மே மாதம் நாக்பூரைத் தாண்டும்போது பகல் ஷிப்டில் படுத்தவருக்குத் தூக்கமே வராது. ஏசி இல்லாத வண்டியில் கோடை மாதங்களில் மதியம் 1 முதல் 4 வரை நிழலில் நிறுத்திவிட்டு, நாளுக்கு 100, 150 கிலோமீட்டர் குறைத்துக் கணக்குப் போடுவதே வழி. லோடு பேசும்போதே இதைப் புக்கிங் ஆபீசில் சொல்லிவிட வேண்டும்.

ஹால்ட்டில் செய்யும் சில காரியங்கள் உயிருக்கே ஆபத்து. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுக் கேபினுக்குள் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவது, மழைக்கு ஒதுங்கி உள்ளேயே ஸ்டவ் பற்றவைப்பது, சைலன்சர் ஓட்டையை அடைக்காமல் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது. மூன்றிலும் வருவது கார்பன் மோனாக்சைடு. வாசனை இருக்காது, தூக்கத்திலிருந்து எழுப்பவும் செய்யாது. ஜன்னலுக்குக் கொசுவலை தைத்து மாட்டினால் சுருளே தேவையில்லை.

கைமாற்றும் பத்து நிமிடம்

எழுப்பிய உடனே சீட்டில் உட்காருவது பெரிய தவறு. தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு 15 முதல் 30 நிமிடம் வரை மந்தம் இருக்கும். கண் திறந்திருந்தாலும் கை கால் தாமதமாகவே வேலை செய்யும். இறங்காமலே, வண்டி உருளும்போதே சீட் மாறுகிற வித்தை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அதைத் திறமை என்று சொல்பவர்களிடம் பேச ஒன்றுமில்லை. ஷிப்டுக்கு அரை மணி முன்பே எழுப்பி, பங்க்கிலோ தாபாவிலோ நிறுத்தி, முகம் கழுவிய பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்ல வேண்டும்.

அந்தச் சுற்றில் என்ன பார்ப்பது? டயரைத் தட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். பின்னால் இரட்டை டயரில் உள்டயர் காற்று இறங்கியிருந்தால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. வெளிடயர் இரண்டு டயரின் பாரத்தையும் வாங்கிச் சூடேறி வெடிக்கும். சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. வீல் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறதா என்று தொடாமலே தெரியும். இருந்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது அல்லது பேரிங் போகிறது. தார்ப்பாய்க் கயிறு, பின்விளக்கு, ஏர் லீக் சத்தம் இவற்றையும் அதே நடையில் பார்த்துவிடலாம்.

இறங்குகிறவர் வாயால் சொல்ல வேண்டியவை வேறு. இரண்டு டிரைவர் வண்டிக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு: ஸ்டெப்னி மாற்றினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை மறுபடி இறுக்க வேண்டும். மாற்றியவர் ஷிப்ட் முடிந்து படுத்துவிடுகிறார், வந்தவருக்கு டயர் மாற்றியதே தெரியாது. நட்டு தளர்ந்து, போல்ட் அறுந்து, சக்கரம் தனியாக ஓடுகிறது. தார்ப்பாய்க் கயிற்றுக்கும் இதே விதி, லோடு அமர்ந்ததும் தளரும். டேஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்து, கிலோமீட்டர், நேரம், டீசல், என்ன பார்த்தோம் என்று நான்கு வரி எழுதினால் போதும்.

சீட்டும் கண்ணாடியும் ஆளுக்கு ஆள் மாறும். கிளட்சை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை வைத்து, பிறகு இரண்டு பக்கக் கண்ணாடியையும் திருப்ப வேண்டும். உயரமானவர் வைத்த கண்ணாடியில் குள்ளமானவருக்குத் தன் பின்சக்கரம் தெரியாது. கிளீனரும் இல்லாத வண்டியில் இடதுபக்கத்துக்கு அதுதான் கண்.

புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசலுக்குத் தனி டேங்க் உள்ள பிஎஸ்-6 வண்டிக்கு இன்னொன்று. இரவு 2 மணிக்கு அரைத்தூக்கத்தில் யூரியா கேனை டீசல் டேங்கில் ஊற்றிவிடுவது நடக்கிறது. நீல மூடி யூரியாவுக்கு. மாற்றி ஊற்றிவிட்டால் சாவியையே திருகக் கூடாது. டேங்கை முழுக்க வடித்துக் கழுவ வேண்டும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் வரை செலவு போகும். யூரியா டேங்கில் தண்ணீர் கலப்பதும் மிச்சம் அல்ல. 32.5 சதவீதக் கரைசலுக்குக் குறைந்தால் சென்சார் கண்டுபிடித்து இன்ஜின் இழுவையைக் குறைத்துவிடும்.

இறக்கம், பனி, ரோட்டோர நிறுத்தம்

திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி தாண்டியதும் ஊர் வந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். ஷிப்ட் முடிந்தும் "சேலம்தானே, நானே கொண்டுபோய் விட்டர்றேன்" என்று தொடர்வார்கள். தர்மபுரி தாண்டி வரும் தொப்பூர் கணவாய் இறக்கம் அந்தக் கடைசித் தூரத்தில்தான் இருக்கிறது. டீசல் மிச்சம் என்று அங்கே நியூட்ரலில் விடுவதால் நடந்த விபத்துகள் ஏராளம். இன்றைய இன்ஜின், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். நியூட்ரலில் இன்ஜின் பிடிமானம் போய், முழு பாரமும் பிரேக்கில் விழுந்து, டிரம் காய்ந்து பிடிக்காமல் போகும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கி, இன்ஜின் புகையைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, மிதிபிரேக்கை இடைவெளி விட்டு விட்டு மிதிப்பதே முறை. கணவாய்க்கு முன்பே தர்மபுரியில் ஆள் மாறிவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் குவாலியருக்கு வடக்கே பனிமூட்டம். ஹால்ட்டை 2 முதல் 8 வரை நீட்டிக்க வேண்டியதுதான். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டினால், பின்னால் வருகிறவருக்கு வண்டி நிற்கிறதா போகிறதா என்று புரியாது. லோ பீம் போதும்.

ரோட்டோரத்தில் நிறுத்தித் தூங்குவதும் ஆபத்துதான். பின்னால் வருகிறவரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம். பிரேக்டவுன் என்றால் முக்கோண ரிஃப்ளெக்டரை 50 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வைக்க வேண்டும். கல்லும் மரக்கிளையும் வைத்து அணைகட்டுவது பழைய வழக்கம். ரிப்பேர் முடிந்ததும் கல்லை அங்கேயே விட்டுப் போகிறார்கள், இரவில் பைக்கில் வருகிறவர் அதில் விழுகிறார்.

காகிதமும் காசும்

கிளீனருக்கு வண்டி பழக்குவதை வடக்கு டிரிப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம். கனரக லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்ததை முதலாளியிடம் திரும்ப வாங்கிவிடும்.

சரக்கோடு போகும் ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. டெல்லிக்கு 12 நாள் கிடைக்கும், ஆகவே அவசரத்துக்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. வண்டி பழுதாகி லோடு வேறு வண்டிக்கு மாறினால் அதில் வண்டி எண்ணை மாற்றாமல் நகரக் கூடாது. காலம் முடிவதற்கு 8 மணி நேரம் முன்பும் பின்பும்தான் நீட்டிக்க முடியும். அந்த நேரத்தில் இரண்டு பேரில் யார் ஆபீசுக்குப் போன் செய்வது என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

டிரைவர் இருவருக்குள் சண்டை வருவது பெரும்பாலும் மைலேஜில். லோடு வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்க வேண்டிய இடத்தில் 3.6 வந்தால், ஒருவர் மற்றவரைக் காட்டுவார். மலைப்பாதை யாருக்கு வந்தது, காலி வண்டியை யார் ஓட்டினார் என்று பார்க்காமல் அதற்குத் தீர்ப்பு கிடையாது. ஒவ்வொரு முறையும் டேங்க் ஃபுல் செய்து, லிட்டரையும் மீட்டர் கிலோமீட்டரையும் அதே நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு எழுதி வையுங்கள். பேட்டாவையும் டிரிப் கணக்கில் மொத்தமாகக் கொடுக்காமல், முதலாளி ஆளுக்குத் தனியாக அனுப்பிவிடலாம்.